ஐடிலில் குலுங்கும் பழைய பிக்கப்: பி0171, பி0174, பி0300 மூணும் சேர்ந்து வருது

கேள்வி

2001 மாடல் பிக்கப். 5.3 லிட்டர் வி8 பெட்ரோல், பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிச்சு விடற பாகம்), கேபிள் த்ராட்டில். காலையில ஸ்டார்ட் பண்ணினா முதல் அஞ்சு நிமிஷம் ஐடில்ல (ஆக்ஸிலேட்டர் மிதிக்காம ஓடும்போது) இன்ஜின் குலுங்குது. ஆர்பிஎம் 450க்கும் 800க்கும் நடுவுல ஆடுது, சில நேரம் ஆஃப் ஆயிடுது. சூடேறினா பாதி சரியாகுது. ஓட்டும்போது இழுவையில குறை தெரியலை.

பிளக் எட்டும் மாத்தியாச்சு, ஏர் ஃபில்டர், பேங்க் 1 (வி8ல ஒரு பக்க நாலு சிலிண்டர் வரிசை) முன்பக்க ஆக்ஸிஜன் சென்சரும் மாத்தியாச்சு. ஸ்கேனர் காட்டுற கோளாறு கோடு (பி0171, பி0174, பி0300) மூணும் திரும்ப வருது. அடுத்து காயில் மாத்தலாமா, ஃப்யூயல் பம்ப்பா?

பதில் 1

ரெண்டும் வேணாம். கோடு சொல்றது அறிகுறியைத்தான், எந்த பார்ட் போச்சுன்னு இல்லை. பி0171ன்னா பேங்க் 1 லீன், பி0174ன்னா பேங்க் 2 லீன். அதாவது காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. ரெண்டு பேங்க்கும் ஒண்ணா லீன் காட்டினா, ரெண்டுக்கும் பொதுவான இடத்துலதான் கோளாறு. ஒரு பக்க சென்சரை மாத்தினா இது போகாது. பி0300ன்னா பல சிலிண்டர்ல மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியா பத்தாம போறது. அது பெரும்பாலும் இதோட விளைவு: கலவை ரொம்ப லீன் ஆனா ஐடில்ல சரியா பத்தாது, மிஸ்ஸிங் அடிக்கும்.

லைவ் டேட்டா காட்டுற ஸ்கேனர் இருந்தா ஷார்ட் டெர்ம் (அந்தந்த நொடிக்கு), லாங் டெர்ம் (கத்துக்கிட்டது) ஃப்யூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கற கணக்கு, ரெண்டையும் குளிர் ஐடில், சூடான ஐடில், 2500 ஆர்பிஎம் மூணுலயும் எழுதிப் போடுங்க. கூடவே மாஸ் ஏர் ஃப்ளோ சென்சர் (உள்ள போற காற்றை அளக்கறது) ரீடிங், ஐஏசி கவுண்ட் (ஐடில் காற்று வால்வு எவ்வளவு திறந்திருக்குங்கற எண்), சிலிண்டர் வாரியா மிஸ்ஃபயர் கவுண்ட். அதுவரைக்கும் கோடை அழிக்காதீங்க, அழிச்சா ஃப்ரீஸ் ஃப்ரேமும் (கோடு வந்த நேரத்து ரீடிங் பதிவு) போயிடும்.

செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னினா வண்டியை ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையும் கெடுத்துடும்.

பதில் 2

இவ்வளவு பழைய வண்டியில ரெண்டு பக்கமும் லீன்னா எனக்கு ஃப்யூயல் பம்ப் மேலதான் சந்தேகம். ஃபில்டர் அடைச்சிருந்தாலும் இதே கோடுதான் வரும்.

பதில் 1

வரும். ஆனா பம்ப் தளர்ந்தா கோளாறு லோடுலதான் பெருசா தெரியும், மேட்டுல ஏறும்போது திணறும். இவருக்கு ஐடில்லதான் தொல்லை. ரீடிங் வரட்டும்.

கேட்டவர்

எடுத்துட்டேன். ரெண்டு பேங்க்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்:

குளிர் ஐடில் (க்ளோஸ்டு லூப், அதாவது கம்ப்யூட்டர் ஆக்ஸிஜன் சென்சரைப் பார்த்து பெட்ரோலைத் திருத்த ஆரம்பிச்ச பிறகு, கூலன்ட் 38 டிகிரி): ஷார்ட் +12, லாங் +21
சூடான ஐடில்: ஷார்ட் +3, லாங் +13
2500 ஆர்பிஎம்: ஷார்ட் +1, லாங் +5

மாஸ் ஏர் ஃப்ளோ, சூடான ஐடில்ல விநாடிக்கு 4.0 கிராம். ஐஏசி கவுண்ட் 4. மிஸ்ஃபயர் 7ஆம் சிலிண்டர்ல 64, 8ல 51, மத்ததுல ஒற்றை இலக்கம்.

பதில் 3

சார், விடை இதுலயே இருக்கு. அளவு பார்க்காம காற்று உள்ள வருது, வேக்குவம் லீக்.

லீக் வழியா விநாடிக்கு 1 கிராம் காற்று வருதுன்னு வெச்சுக்குவோம். ஐடில்ல மொத்தமே 5 கிராம்தான், அதுல 1 பெரிய பங்கு. 2500ல மொத்தக் காற்று பல மடங்கு ஆயிடும், அதே 1 கிராம் கணக்குலயே வராது. அதனாலதான் உங்க ட்ரிம் ஐடில்ல எகிறி, ஆர்பிஎம் ஏத்தினா இறங்குது. பம்ப் தளர்ச்சியோ அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சரோ ஆனா லோடு ஏற ஏற ப்ளஸ் கூடியிருக்கும்.

ரெண்டாவது சாட்சி ஐஏசி. கவுண்ட் 4ன்னா கம்ப்யூட்டர் தன் பக்கத்துக் காற்று வழியைக் கிட்டத்தட்ட மூடிட்டுது, அப்படியும் இன்ஜின் ஓடுது. அப்போ காற்று வேற வழியா வருது. ஏர் ஃப்ளோ 4.0 இருக்கறதும் இதோட பொருந்துது: சூடான ஐடில்ல இன்ஜின் லிட்டர் அளவை ஒட்டித்தான் கிராம் வரணும், உங்களுக்கு 5ஐத் தாண்டணும்.

7, 8 ரெண்டும் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச் சுவர்) ஓரமா, ஒண்ணுக்கொண்ணு எதிரெதிர் பேங்க்ல இருக்கு. அதனால மேனிஃபோல்டோட பின்முனையில ஆரம்பிங்க. இந்த வகையில காஸ்கெட் வயசாகி இறுகி, குளிர்ல சுருங்கி வழி விடும், சூட்டுல விரிஞ்சு ஓரளவு அடைச்சுக்கும். காலைத் தொல்லைக்கு இதுவே காரணமா இருக்கலாம். ஆனா பிசிவி ஹோஸ் (இன்ஜின் உள் வாயுவை மேனிஃபோல்டுக்குத் திருப்பற குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், பின்பக்க ரப்பர் மூடிகளை முதல்ல கையால வளைச்சுப் பாருங்க. மேல நல்லா இருக்கற மாதிரி இருக்கும், வளைவோட அடியில வெடிச்சிருக்கும்.

லீக் தேட ஸ்மோக் மெஷின்தான் சிறந்தது, 1 பிஎஸ்ஐக்கு மேல போகாம. அது இல்லைன்னா இன்ஜின் குளிரா இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, சாதாரண ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணியை மேனிஃபோல்டும் ஹெட்டும் சேர்ற கோட்டுல மட்டும் லேசா அடிங்க. லீக் இருக்கற இடத்துல தண்ணி ஒரு நொடி அடைக்கும், ஐடில் சத்தம் மாறும். காயில், கனெக்டர் மேல படக்கூடாது. கார்ப் கிளீனர் அடிச்சுப் பார்ப்பாங்க பலபேர்; எக்ஸாஸ்ட் சூடா இருந்தா தீப்பிடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் மட்டும் கிட்டயே கொண்டுவராதீங்க, சூட்டுல விஷவாயு ஆகும்.

கேட்டவர்

ஹோஸ் எல்லாம் சரி. தண்ணி அடிச்சதுல 8ஆம் சிலிண்டர் ஓரம் பட்டதும் குலுக்கல் சட்டுன்னு நின்னு, ரெண்டு விநாடில திரும்ப வந்தது. 7 பக்கமும் லேசா அப்படித்தான். போல்ட்டை இறுக்கினா போதுமா?

பதில் 3

போதாது. இறுகிப்போன ரப்பரை இறுக்கினா பிளாஸ்டிக்தான் விரிசல் விடும். கழட்டி காஸ்கெட் செட் மாத்துங்க.

ஃப்யூயல் பிரஷரை இறக்கி, பேட்டரி நெகட்டிவ் கழட்டினதுக்கு அப்புறம் கை வைங்க. மேனிஃபோல்டைத் தூக்கினதும் ஹெட்டுல இருக்கற எட்டு போர்ட்டுலயும் (காற்று போற வாய்) சுத்தமான துணி திணிங்க. ஒரு சின்ன கிளிப் உள்ள விழுந்தா ஹெட்டையே இறக்க வேண்டி வரும். ஹெட் அலுமினியம், இரும்புச் சுரண்டி படக்கூடாது. பிளாஸ்டிக் சுரண்டியும் துணியும் போதும். புது காஸ்கெட் மேனிஃபோல்டுல இருக்கற பள்ளத்துல அழுந்தி உக்காரும். சிலிக்கான், கிரீஸ் எதுவும் தடவ வேணாம்.

இறுக்கறதுதான் பலர் கோட்டை விடற இடம். நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் மாறி மாறி வெளிய போங்க: முதல் சுத்து 5 நியூட்டன் மீட்டர், ரெண்டாவது 10. உங்க வண்டி மேனுவல்ல வேற அளவு இருந்தா அதுதான் சரி. 10ங்கறது கை மணிக்கட்டு பலம், பெரிய டார்க் ரெஞ்ச் இதுக்கு ஆகாது.

திறந்த கையோட நாக் சென்சர் (இன்ஜின் தட்டுறதை உணர்றது) ரெண்டையும் பாருங்க. இந்த இன்ஜின்ல அது மேனிஃபோல்டுக்கு அடியில இருக்கு, தண்ணி இறங்கி துரு ஏறும். துரு இருந்தா இப்பவே மாத்திடுங்க. பின்னாடி அதுக்காக மட்டும் எல்லாத்தையும் திரும்பக் கழட்டணும்.

கேட்டவர்

முடிஞ்சது. பழைய காஸ்கெட் நகத்தால அழுத்தினா பள்ளமே விழலை, 8ஆம் போர்ட் ஓரத்துல கறுப்புக் கோடு. பின்பக்க நாக் சென்சர் குழியில துருத் தண்ணி, அதையும் மாத்தியாச்சு. இப்போ குளிர் ஐடில் லாங் +4, சூட்டுல +2. ஐஏசி 31. ஏர் ஃப்ளோ 5.4.

பதில் 1

ட்ரிம் அருமை. கோடை அழிச்சதால லாங் டெர்ம் பூஜ்யத்துல இருந்து திரும்பக் கத்துக்கும், நாலஞ்சு நாள் குளிர் ஸ்டார்ட் போனதும் ஒரு தடவை பாருங்க. அப்போ 7லயோ 8லயோ மட்டும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை மிச்சம் இருந்தா அந்தக் காயிலை 3ஆம் சிலிண்டருக்கு மாத்திப் போடுங்க. எண்ணிக்கையும் கூடவே 3க்குப் போனா காயில், போகலைன்னா இன்ஜெக்டரும் கம்ப்ரஷனும் பார்க்கணும்.