பிறந்ததும் ஆன்டிபயாடிக், இப்போது தடுப்பூசி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்தில் எங்கள் பாப்பாவுக்குப் பிறந்த உடனேயே ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். அந்தச் சின்னக் கையில் ஊசியும் பிளாஸ்திரியுமாகக் கிடந்தாள். வேறு வழியும் இல்லை.

இப்போது தடுப்பூசி நேரம். 2025இல் நேச்சர் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. பிறந்த புதிதில் நேரடியாக ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகளுக்கு, நிமோகாக்கல் (நிமோனியா போன்ற தொற்றுகளுக்கான) தடுப்பூசி போட்டும் 7 மாதத்தில் எதிர்ப்பொருள் (நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) அளவு குறைவாக இருந்ததாம். குடலில் பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியா குறைந்ததோடு இதற்குத் தொடர்பு தெரிகிறது. அதே ஆய்வில், அந்த பாக்டீரியா கலந்த புரோபயாடிக் கொடுத்ததும் எலிகளுக்கு இந்தக் குறை சீரானது. எலிக்குச் சரி, குழந்தைக்கு?

ஊசியைத் தள்ளிப்போடும் எண்ணமெல்லாம் இல்லை. புரோபயாடிக் சொட்டு மருந்து பற்றி உங்கள் குழந்தை மருத்துவர் என்ன சொன்னார்? யாராவது எதிர்ப்பொருள் பரிசோதனை செய்து பார்த்தீர்களா? நானாகக் கடையில் வாங்கிக் கொடுக்க பயமாக இருக்கிறது.