வடதுருவப் பக்கம் இருந்தவர்கள், போனவர்கள்: கண்டதை எழுதுங்கள்

கொக்குவில்

உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். துருவக் காலநிலை என்று வந்தால் வெப்பநிலை, மழைவீழ்ச்சி, தண்டரா என்று மூன்று வரி எழுதிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். நோர்வேயில் ஆள் இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் குறைவு. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே நின்றவர்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள், வகுப்பில் வாசித்துக் காட்டலாம். "சரியான குளிர்" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அது பிள்ளைகளுக்குத் தெரியும்.

பருத்தித்துறை

மாஸ்டர், குளிரை விட்டுவிட்டு எழுதச் சொன்னது நல்லது. நான் நின்ற இடத்தில் குளிர் இரண்டாம் பட்சம்தான்.

எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடகோடி மாகாணமான பின்மார்க்கின் கரையோர மீன் ஆலைகளில் எங்கள் பெடியள் கனபேர் வேலை செய்தார்கள். நான் இருந்தது வார்டோ. 70 பாகை வடக்கில், நோர்வேயின் கிழக்குக் கோடியில் ஒரு தீவு. 1982 இல் கடலுக்கு அடியால் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் சுரங்கப்பாதை வெட்டித் தீவைத் தரையோடு இணைத்தார்கள். அதே அகலக்கோட்டில் சைபீரியக் கரை மாரியில் உறைந்து கிடக்கும். வார்டோத் துறைமுகம் உறையாது, வள்ளங்கள் வருடம் முழுக்கப் போய்வரும். அத்திலாந்திக்கிலிருந்து வடக்கே ஏறிவரும் வெப்ப நீரோட்டத்தின் வேலை அது. சனவரிச் சராசரி பூச்சியத்துக்குக் கீழே நாலைந்து பாகைதான். அதே பின்மார்க்கில், கடலை விட்டு உள்ளே இருக்கும் கரஷோக்கில் 1886 இல் பதிவானது −51.4. இரண்டும் ஒரே மாகாணம்! கடலுக்குக் கிட்ட, கடலுக்குத் தூர என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆளை விழுத்துவது காற்று. பரென்ட்ஸ் கடலிலிருந்து வரும், தடுப்பதற்கு ஒரு மரம் இல்லை. யூலை மாதமே 10 பாகையை ஒட்டித்தான் நிற்கும், அதில் மரம் எங்கே வளர்வது? அங்குள்ள பழைய கோட்டைக்குள் ஒரே ஒரு றோவன் மரத்தை வைத்திருந்தார்கள், மாரி வந்தால் சுற்றிக் கட்டி மூடி. 2002 இல் அதுவும் பட்டுப்போனது.

மாரியில் கடலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு பயம். அலைத்தெறிப்பு வள்ளத்தின் கம்பியிலும் கூரையிலும் பட்டவுடனே உறைந்துவிடும். விட்டால் ஏற ஏற மேற்பாரம் கூடி வள்ளம் கவிழும். கடலில் நின்றபடியே மரச் சம்மட்டியால் அடித்து அடித்து விழுத்துவார்கள். கரையில் நின்ற எங்களுக்கு வெட்டு மேசை. பஞ்சுக் கையுறைக்கு மேல் றப்பர் கையுறை போட்டாலும், ஐஸில் கிடந்த மீனைப் பிடித்த கொஞ்ச நேரத்தில் பெருவிரல் எங்கே என்று தெரியாது. கத்தி மட்டும் தன்பாட்டில் போகும். பின்மாரியில் கொட் மீன் குவியும், முட்டையிடக் கரைக்கு வரும் கெப்பலின் என்ற சிறு மீனைத் துரத்திக்கொண்டு. கொட் தலையை ஆணியில் குத்தி நாக்கை வெட்டி எடுப்பது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வேலை. காசும் அவர்களுக்குத்தான், பெரியவர்கள் கை வைக்க மாட்டார்கள்.

கருவாடு போடும் ஊரிலிருந்து போனவனுக்குப் பெரிய ஆச்சரியம் அவர்களுடைய காயவைத்த மீன். உப்பே இல்லை. இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச்சட்டத்தில் தொங்கவிட்டால் பெப்ரவரியிலிருந்து மே வரை தொங்கும். வெயிலும் உப்பும் எங்களுக்குச் செய்வதை அங்கே குளிர்காற்று செய்கிறது. ஆனால் பூச்சியத்தை ஒட்டியே நிற்க வேண்டும். சூடு கூடினால் இலையான் மொய்க்கும், கடுமையாக உறைந்தால் சதை வெடித்துவிடும். காய்ந்த தலைகளை நைஜீரியாவுக்கு ஏற்றுவார்கள், அங்கே அதற்கு நல்ல விலை.

இனி இருட்டு. நவம்பர் கடைசியில் போகும் சூரியன் சனவரி 20 அளவில்தான் திரும்பும். கன்னங்கரேல் என்று நினைக்காதீர்கள். மத்தியானத்தை ஒட்டிச் சில மணி நேரம் ஒரு நீல வெளிச்சம் இருக்கும், விளக்கில்லாமல் நடக்கலாம். உடம்புதான் குழம்பும். சாமம் எது, விடிகாலை எது என்று வயிற்றுக்கே தெரியாது. கோடையில் மற்றப் பக்கம்: நடுச்சாமத்தில் வெயில், யன்னலுக்குப் போர்வை அடித்துவிட்டுப் படுப்போம். சூரியன் முழு வட்டமாகத் தெரியும் முதல் நாள் கோட்டையில் பீரங்கி வெடிப்பார்கள், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. யாழ்ப்பாணத்தில் ஆகக் கூடிய பகலுக்கும் ஆகக் குறைந்த பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல்தான். அங்கே ஒரு நாள் வெயிலுக்கு லீவு விடுகிறார்கள்.

நல்லூர்

அண்ணை எழுதியது கரை. நான் அதற்கும் மேலே, நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் போனேன். திரொம்சோவில் தாதியாக வேலை, அங்கிருந்து விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம் அளவுதான். தலைநகரம் போன்ற லோங்யேர்பியன் 78 பாகையில். தீவுகளின் ஏறத்தாழ 60 வீதம் பனியாற்றுக்கு அடியில். நிலம் நிரந்தரமாக உறைந்தது என்பதால் வீடுகள் தூண்களில் நிற்கும், நேரே நிலத்தில் கட்டினால் வீட்டுச் சூட்டில் நிலம் இளகிவிடும். மாஸ்டருக்கு ஒரு குறிப்பு: வருட மழைவீழ்ச்சி 200 மில்லிமீற்றர் அளவுதான். கணக்கின்படி அது பாலைவனம்.

ஊர் எல்லையைத் தாண்டினால் வழிகாட்டி துவக்கோடுதான் வருவார், கரடிக்கு. நான் கரடி கண்டது கப்பலிலிருந்து, தொலைநோக்கியில். பனி வெள்ளை, கரடி மங்கல் மஞ்சள். அந்த நிற வித்தியாசத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். சீல் மூச்செடுக்கும் துவாரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்தது, ஒரு அசைவு இல்லை. பலர் அலுத்துப்போய்த் தேநீர் குடிக்க உள்ளே போய்விட்டார்கள். இப்போது சட்டமும் இறுகிவிட்டது. 2025 இலிருந்து கரடிக்கு 300 மீற்றருக்குள் போகக் கூடாது, மார்ச் முதல் யூன் வரை 500 மீற்றர்.

எனக்குப் பயம் காட்டியது கரடி இல்லை, ஆர்க்டிக் ஆலா என்ற பறவை. வீதி ஓரத்திலேயே நிலத்தில் முட்டை இடும். கிட்டப் போனால் தலையைக் கொத்தும், எச்சமும் போடும். உயரமான இடத்தைத்தான் தாக்கும் என்பதால் ஒரு தடியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். வீதி முழுக்கத் தடி பிடித்த வெள்ளைக்காரர், பார்க்க நல்ல பகிடி. இந்தச் சிறிய பறவை மாரிக்கு அந்தாட்டிக்கா வரை போய்த் திரும்புகிறது, வருடத்துக்கு இரண்டு கோடை.

மான்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கட்டைக் கால், உருண்ட உடம்பு, வீட்டு வாசலில் மேயும். முன்பெல்லாம் மாரியில் பனி மட்டும் விழும், குளம்பால் கிளறித் தின்னும். இப்போது இடையில் மழை பெய்கிறது. அந்தத் தண்ணீர் நிலத்தில் உறைந்து, செடிக்கு மேல் கண்ணாடித் தகடாகிவிடும். கிளற முடியாது. அப்படியான மாரிகளில் பட்டினியில் சாகும், சில கரைக்கு வந்து கடற்பாசி தின்னும். வெப்பம் கூடினால் மிருகத்துக்குச் சுகம்தானே என்று வீட்டில் யாரோ சொன்னார்கள், அதற்காக இதை எழுதுகிறேன்.

உரும்பிராய்

அக்கா, பென்குயின் கண்டீர்களா?

கொக்குவில்

தம்பி, பென்குயின் தெற்கு, கரடி வடக்கு, இரண்டும் சந்திப்பதில்லை. வடக்கு என்பது நிலம் சூழ்ந்த கடல், மேலே சில மீற்றர் பனி. கீழே கடல் இருப்பதால் கொஞ்சம் சூடு ஏறும். தெற்கு கடல் சூழ்ந்த நிலம், மேலே சராசரி 2 கிலோமீற்றர் பனி. அதனால்தான் உலகத்தின் குறைந்த வெப்பநிலை, −89.2, 1983 இல் அந்தாட்டிக்காவின் வொஸ்தொக்கில் பதிவானது.

மண்டைதீவு

நான் வவுனியாவுக்கு வடக்கே பிறந்தவன், அதுவே என் வட துருவம். ஆனால் அங்கிருந்து வருபவர்களை வருடாவருடம் காண்கிறேன்.

பண்ணைப் பாலத்தால் வரும்போது தண்ணீர் வற்றிய சேற்றில் ஓடித் திரியும் உள்ளான்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். அதில் ஆகச் சிறியது கொசு உள்ளான், 25 கிராம் அளவு. அலகு நுனி கீழே வளைந்திருப்பது வளைமூக்கு உள்ளான். இது முட்டையிடுவது சைபீரியாவின் ஆர்க்டிக் தண்டராவில் மட்டும். ஓகஸ்ட், செப்டெம்பரில் சாம்பல் நிறமாக மாறிக்கொண்டு இங்கே வந்திறங்கும். அலகை அடிவரை சேற்றில் குத்தி, நுனியால் தடவித்தான் புழு பிடிக்கும். இரை கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மாஸ்டரின் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். சைபீரியாவின் தைமிர் குடாநாட்டில் லெமிங் என்ற எலி பெருகிய வருடத்தில் நரிகள் அதைத் தின்று வயிற்றை நிரப்பும், உள்ளான் குஞ்சுகள் தப்பும். லெமிங் குறைந்த வருடத்தில் நரி குஞ்சுகளுக்கு வரும். அந்த வருடம் தெற்கே வரும் கூட்டத்தில் இளம் பறவை அரிது. அங்கே எலி குறைந்ததை இங்கே சேற்றில் கணக்கெடுக்கலாம். மன்னாரில் கருவி பொருத்திவிட்ட கடற்காகமும் ஆர்க்டிக் தண்டரா வரை போனது செய்மதியில் பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு தூரம் வரும் பறவைக்கு நாங்கள் வைத்திருப்பது பிளாஸ்ரிக் போத்தலும் கோழிக்கழிவும். பாலத்தடியில் கழிவு கொட்டுகிறவர்கள் இதை வாசித்தால் நல்லது.

பருத்தித்துறை

வார்டோக் கரையில் கல்லைப் புரட்டிப் புரட்டித் தின்னும் ஒரு பறவை இருந்தது. ஊரிலும் கண்டதாக ஞாபகம். அதே ஆள்தானா?

மண்டைதீவு

இனம் ஒன்றுதான் அண்ணை, கல்திருப்பி உள்ளான். ஆனால் நோர்வேக்காரர் ஆபிரிக்கக் கரைப் பக்கம் போவார்கள், எங்களிடம் வருவது சைபீரியாக்காரர். ஏப்ரல் தொடக்கத்தில் ஊரில் நின்றால் பின்னேரம் இந்தப் பக்கம் வாருங்கள். போவதற்கு முன் வளைமூக்கின் நெஞ்சு செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். தொலைநோக்கி என்னிடம் இருக்கிறது, நாயை மட்டும் கூட்டிவர வேண்டாம்.