'பதிவானது' என்று திரை சொன்ன பிறகும் காணாமல் போன தேயிலைக் கொழுந்துக் கணக்கு

ஹட்டன் பக்கமிருந்து:
ஏப்ரல், ஒக்டோபரில் பின்னேரம் இடியும் மின்னலும் எங்களுக்குப் பழக்கம். அப்படி ஒரு நாள் அந்தி நிறுவை நடக்கும்போது கரண்ட் போனது. மடுவத்துத் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) தராசு கணினியோடு சேர்ந்தது; 'பதிவானது' என்று பச்சையில் விழுந்தால்தான் அடுத்த கூடை ஏறும். கரண்ட் வந்து பார்த்தால் கடைசியாக எடை போட்ட சிலருடைய கிலோ இல்லை. ஒரு அக்காவுக்கு முழுப்பேர் (முழுநாள் கூலிக் கணக்கு) அரைப்பேராகி நின்றது. கணக்குப்பிள்ளை துண்டில் குறித்து வைத்திருந்தாரோ, தப்பித்தது.

புரோகிராமைத் திறந்தால் ரைட் (எழுதச் சொல்லும் கட்டளை) மட்டும் இருக்கிறது, எஃப்சிங்க் (டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்கும் கட்டளை) இல்லை. லினக்ஸில் ரைட் முடிந்தது என்றால் கர்னலின் பேஜ் கேஷுக்கு, அதாவது கரண்ட் போனால் அழியும் ரேமுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். டிஸ்க்கில் இறங்க 30 வினாடிகூட ஆகலாம். எஃப்சிங்க் போட்டால் வேகம் குறையும் என்று செய்து கொடுத்தவர்கள் முனகினார்கள். ஒரு கூடை ஏறி இறங்குகிற நேரத்தில் என்ன வேகம் வேண்டிக்கிடக்கிறது!

பதுளையிலிருந்து:
அண்ணா, பெர்சிஸ்டன்ட் மெமரியிலும் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) இதே கதைதான். ரேம் செருகும் இடத்திலேயே செருகுகிற இன்டெல் ஒப்டேன், 2019இல் வந்தது (2022இல் கைவிட்டும் விட்டார்கள்). டாக்ஸ் (நேரடி அணுகல்) முறையில் எம்மேப் செய்தால், அதாவது ஃபைலை புரோகிராமின் நினைவக முகவரியோடு இணைத்தால், பேஜ் கேஷ் குறுக்கே வராது. மாறியில் மதிப்பு வைக்கிற மாதிரி நேரே எழுதலாம். ஆனால் அந்த மதிப்பு முதலில் புரொசசர் கேஷில் நிற்கும். சிஎல்டபிள்யூபி கட்டளையால் 64 பைட் வரியை வெளியே தள்ளி, அது முடியும்வரை அடுத்த எழுத்தை நிறுத்தி வைக்கும் எஸ்ஃபென்ஸும் போட்டால்தான் கரண்ட் போனாலும் நிலைக்கும். எடை முதலில், 'இது செல்லும்' என்ற குறி அப்புறம். மாறிப்போனால் குப்பையை நிஜ எடை என்று படிக்கும். ஒரே தடவையில் எழுதுவது 8 பைட்டுக்கு மேல் போனால் பாதி எழுதி நிற்கவும் கூடும்.

கில் மைனஸ் 9 அடித்து (புரோகிராமைச் சட்டென்று கொல்லும் கட்டளை) சோதித்தோம், எல்லாம் சுத்தம். புரொசஸ் செத்தால் கேஷ் சாகாதே! வெளியே தள்ள விடுபட்ட இடங்களைப் பிடித்துக் கொடுத்தது பிமெம்செக் என்ற சோதனைக் கருவிதான்.

தலவாக்கலையிலிருந்து:
எங்களுடையது எஸ்கியூலைட் தரவுத்தளம், வால் முறை (மாற்றங்களை முதலில் தனிப் பதிவு ஃபைலில் எழுதுவது). அதில் சிங்க்ரோனஸ் என்ற அமைப்பு நோர்மலில் இருந்தால் ஃபைல் கெடாது, கடைசிப் பதிவுகள் போகலாம். ஃபுல்லுக்கு மாற்றிவிட்டோம். ஹட்டன் அண்ணா, டிஸ்க் என்ன ரகம்? மலிவு எஸ்எஸ்டி சிலது எழுதி முடிக்காமலே முடித்தேன் என்று எஃப்சிங்குக்கே பொய் சொல்லும். நிறுவை இல்லாத ஞாயிறு பார்த்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.