பின்னங்களை வீட்டில் கைப்பொருள்களைக் கொண்டு கற்பிப்பது எப்படி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஒன்பது வயதாகும் என் மகள், நிழலிட்ட படத்தைப் பார்த்து 3/4 என்று தயங்காமல் சொல்லிவிடுகிறாள். ஆனால் 1/3, 1/4 ஆகியவற்றுள் எது பெரியது என்று கேட்டால், மூன்றைவிட நான்கு பெரிது என்பதால் 1/4 தான் என்கிறாள். நேற்று 1/2 + 1/3 என்ற கணக்கில் தொகுதிகளை (மேல் எண்களை) தனியாகவும் பகுதிகளை (கீழ் எண்களை) தனியாகவும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தாள். விதியைச் சொல்லிக் கொடுத்தால் அன்றைக்கு மட்டும் சரியாகச் செய்கிறாள். வட்டத் துண்டுகள் வாங்கிக் கொடுத்தேன். அவற்றை அடுக்கி விளையாடுவதோடு சரி. வேறு என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
உங்கள் மகள் செய்வது கவனக்குறைவு அன்று. முழு எண்களில் இதுவரை பொய்க்காத வழக்கத்தைப் பின்னத்திலும் கடைப்பிடிக்கிறாள். எனவே விதியை மறுபடி சொல்வதைவிட, அந்த விடை பொருந்தாது என்பதை அவள் கையாலேயே கண்டுகொள்ளச் செய்வது நல்லது. 24 செ.மீ. நீளமுள்ள காகிதப் பட்டைகள் ஐந்தாறு வெட்டிக்கொள்ளுங்கள். அரை 12, மூன்றில் ஒன்று 8, கால் 6, ஆறில் ஒன்று 4, அரைக்கால் (எட்டில் ஒன்று) 3 என எல்லாம் முழு சென்டிமீட்டரில் அமையும் என்பதால்தான் இந்த நீளம். இரண்டாகவும் நான்காகவும் அவளே மடிக்கட்டும். மூன்றாக மடிப்பது எனக்கே சரியாக வருவதில்லை. அதற்கு அளவுகோலால் குறித்துக்கொள்ளுங்கள். அரைத் துண்டையும் மூன்றில் ஒரு துண்டையும் முனையோடு முனை சேர்த்து முழுப் பட்டையின்மேல் வைத்தால் 20 செ.மீ. வரை வரும். அவள் எழுதிய 2/5 என்பதோ 9.6 செ.மீ. தான், கூட்டத் தொடங்கிய அரையைவிடவே அது குறைவு. அந்த இடத்தில் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். மீதமுள்ள இடைவெளியில் எந்தத் துண்டு பொருந்துகிறது என்று அவளே தேடினால், ஆறில் ஒன்று அச்சாக உட்காரும். 5/6 என்ற விடை தானாக வரும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். எப்போதும் ஒரே அளவுப் பட்டையையே பயன்படுத்தினால், அரை என்பது அந்தத் துண்டின் பெயர் என்று குழந்தை நினைத்துவிடும். 10 செ.மீ. பட்டையின் அரையையும் 24 செ.மீ. பட்டையின் காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்: அரை 5, கால் 6. எதில் அரை, எதில் கால் என்று கேட்கும் பழக்கம் அப்போதுதான் வரும். வட்டத் துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் 5/4 போன்று ஒன்றைவிடப் பெரிய தகா பின்னங்களுக்கு எண்கோட்டின்மேல் பட்டைகளை வரிசையாக வைப்பதே தெளிவு.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. 2/5 துண்டு குட்டையாக இருப்பதைக் கண்டதும், பட்டையைத் தவறாக வெட்டிவிட்டோம் என்று சொல்லி அவள் இரண்டு முறை அளந்து பார்த்தாள். பிறகுதான் தன் விடையைச் சந்தேகித்தாள். பட்டைகளை எப்போது ஒதுக்கி வைப்பது?

மறுமொழி 1:
அவசரம் வேண்டாம். ஒவ்வொரு கணக்கிலும் துண்டுகளைத் தொடுவதற்கு முன், விடை அரையைவிட மிகுமா, ஒன்றைத் தாண்டுமா என்று மட்டும் ஊகிக்கச் சொல்லுங்கள்; ஊகம் பெரும்பாலும் சரியாக வரத் தொடங்கியபின் பட்டைகளுக்குப் பதிலாக நோட்டில் கோடு வரைந்தால் போதும். பெருக்கலுக்கு மட்டும் அவற்றை மீண்டும் எடுங்கள்: கால் துண்டை இரண்டாக மடித்தால் அரைக்கால், அதாவது 1/2 × 1/4 = 1/8 என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.