தடத்தை மாற்றும்போது முதலில் யாரிடம் பேசுவது?

கேள்வி: பணிமனை எழுத்தர்

வணக்கம். ஒரு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் எங்கள் நகரப் பேருந்துத் தடம் ஒன்று, அரசு மருத்துவமனை நிறுத்தத்தைத் தொடாமல் புறவழிச்சாலையில் திருப்பிவிடப்பட்டது. முதல் நடைக்குக் கிளம்பிய நடத்துநருக்கே, அன்றைய நடைகளின் விவரம் உள்ள டிரிப் ஷீட்டைக் கையில் வாங்கியபோதுதான் அது தெரிந்தது. டயாலிசிஸுக்குச் செல்லும் முதியவர் ஒருவர் காரணம் கேட்டபோது, அவரிடம் சொல்வதற்கு நடத்துநரிடம் எதுவும் இல்லை. இப்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் நடத்தலாம் என்கிறார்கள். அதை முதலில் நடத்துவதா, பணிமனைக்குள் தகவல் சென்று சேரும் வழியை முதலில் சீர்செய்வதா?

பதில் 1: ஓய்வுபெற்ற நடத்துநர்

உள்ளே இருந்து தொடங்குங்கள், தம்பி. நான் பணியில் இருந்த காலம் முழுவதும் வே பில் என்ற கணக்குத் தாளில் டிக்கெட் எண்ணையும் வசூலையும் எழுத இடம் இருந்தது. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேரை ஏற்ற முடியாமல் விட்டுவந்தோம் என்று எழுத இடம் இருந்ததில்லை. பயணியின் குறை நாள்தோறும் எங்கள் காதில்தான் விழுகிறது, ஆனால் அது கிளை மேலாளரின் மேசையைத் தாண்டுவதில்லை. முதல் நடைக்கு முன் ஐந்து நிமிடம் நின்று பேசினாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

பதில் 2: நகரத் திட்டமிடல் மாணவி

ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆயினும் மக்களிடம் காரணம் சொல்வதைத் தள்ளிப்போடச் சட்டமே இடம் தரவில்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன் 4(1)(இ) பிரிவு, பொதுமக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புடைய உண்மைகள் அனைத்தையும் வெளியிட வேண்டும் என்கிறது. அதற்கடுத்த பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்குக் காரணத்தைத் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த முதியவர் கேட்டது அவருக்குரிய உரிமையையே.

தென்கொரியத் தலைநகர் சியோலின் அனுபவமும் உங்களுக்கு உதவும். தனியார் நிறுவனங்கள் ஓட்டிவந்த தடங்களை மாநகர நிர்வாகம் மாற்றியமைத்து, நெடுந்தடத்திற்கு நீலம், இணைப்புத் தடத்திற்குப் பச்சை என்று வண்ணம் பிரித்து, 2004 ஜூலை 1 அன்று ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எதிர்ப்பு இருந்ததால், முந்தைய ஆண்டிலேயே குடிமக்கள் அமைப்புகளும் வல்லுநர்களும் பேருந்து நிறுவனங்களும் ஒரே குழுவில் அமர்ந்து பேசினர். அத்தனைக்குப் பிறகும் முதல் நாளில் கட்டண அட்டைக் கருவிகள் பழுதாகி, பயணிகள் தடுமாறினர். மேயர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. முன்கூட்டியே பேசிய நகரத்திலேயே இந்த நிலை என்றால், பேசாமலே மாற்றப்பட்ட தடத்தில் நிற்கும் நடத்துநரின் பாடு எப்படியிருக்கும்!

பதில் 3: தினப் பயணி

கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு அலுவலகத்தில் வைக்காதீர்கள். அந்த நேரத்தில் நாங்கள் வேலையில் இருப்போம். காலை ஏழு மணிக்கு நிறுத்தத்துக்கே வந்து கேளுங்கள்.

எழுத்தர்

நன்றி. கிளை மேலாளரிடம் இன்று பேசினேன். அடுத்த திங்கள் முதல் நடத்துநர்கள் குறை எழுத ஒரு நோட்டு வைக்கிறோம். மருத்துவமனை நிறுத்தத்தில் ஏழு மணிக்கு நானும் அந்தத் தடத்தின் நடத்துநரும் நிற்போம்.