பாட்டியின் சிவப்புக்கல் அட்டிகை: பர்மா மாணிக்கமா, செயற்கையா?

மந்தைவெளி மீனா:
பாட்டியின் அட்டிகை என்னிடம் வந்திருக்கிறது. பதிமூன்று சிவப்புக் கற்கள், கற்களின் பின்பக்கத்தைத் தங்கத்தால் மூடிப் பதித்த பழைய கட்டடம். கொள்ளுத்தாத்தா ரங்கூனில் மரக்கடைக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1938 வாக்கில் கற்களை அங்கே வாங்கி, மயிலாப்பூர் ஆசாரி ஒருவரிடம் கொடுத்துக் கட்டினாராம். "பர்மா மாணிக்கம்டீ, வெயிலில் காட்டிப் பாரு" என்பாள் பாட்டி. போன வாரம் கொக்கி சரிசெய்ய தி.நகரில் ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, "சிந்தெடிக்மா, தங்கத்துக்குத்தான் விலை" என்றார். 1938-லேயே செயற்கைக் கல் இருந்ததா?

சவுகார்பேட்டை பழைய ஆள்:
இருந்ததும்மா, தாராளமாக. 31 வருடம் கல் பிரிக்கிற வேலை பார்த்தவன் சொல்கிறேன். பிரான்சில் வெர்னாய் என்பவர் 1902-ல் இந்த முறையை வெளியிட்டார். அலுமினா தூளில் கொஞ்சம் குரோமியம் கலந்து, எரியும் ஜுவாலைக்குள் மேலிருந்து தூவுவார்கள். உருகி விழுந்து கீழே சொட்டுச் சொட்டாகக் கல் வளரும். கண்ணாடி இல்லை, மண்ணில் விளைந்த மாணிக்கத்தின் அதே சரக்கு, அதே கடினம். அதனால் கீறிப் பார்த்துப் பயனில்லை. ரூபாய் நோட்டு பார்க்கும் நீல விளக்கில் இரண்டுமே சிவப்பாக ஒளிரலாம், அதையும் நம்பாதீர்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கல்லை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கிராமபோன் தட்டில் இருக்குமே, அந்த மாதிரி வளைந்த கோடுகளோ உருண்டைக் குமிழிகளோ தெரிந்தால் செயற்கை. நிலத்தில் விளைந்ததில் கோடு நேராக ஓடும், மூலையில் திரும்பும். பர்மாவில் மாணிக்கம் கிடைக்கும் மோகோக் ஊர்க் கல்லில் பட்டு நூல் போல மெல்லிய ஊசிகள் தெரிவதுண்டு. பின்பக்கம் மூடிப் பதித்த கல்லில் இதெல்லாம் சிரமம்தான், அரை நிமிடத்தில் சொன்னவர் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்!

இன்னொன்று. அதே மோகோக்கில் ஸ்பினல் என்று வேறொரு சிவப்புக் கல்லும் கிடைக்கிறது. இரண்டும் வேறு வேறு கனிமம் என்று பிரித்துச் சொன்னதே 1783-ல்தான். பிரிட்டிஷ் கிரீடத்தின் முன்னால் பதித்திருக்கும் 'கருப்பு இளவரசர் மாணிக்கம்' ஸ்பினல்தான், சுமார் 170 காரட். ராஜாக்களே அப்படி என்றால் உங்கள் கொள்ளுத்தாத்தா எம்மாத்திரம்.

அடையாறு தமிழ்வாத்தியார்:
கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கப் பரல், பாண்டியன் அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. லென்ஸ் இல்லாமல் தீர்ந்த வழக்கு அது ஒன்றுதான். மீனா, நீங்கள் உடைத்துவிடாதீர்கள்.

பெரம்பூர் குமார்:
அண்ணா, நடுவில் கேட்கிறேன். நான் ராசிக்காக 5 காரட் மாணிக்க மோதிரம் வாங்கினேன், கல்லுக்கு 4,000 ரூபாய். நல்லதுதானே?

சவுகார்பேட்டை பழைய ஆள்:
தம்பி, அந்த எடைக்கு அந்த விலை என்றால் பெரும்பாலும் விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பியது. 2000-க்குப் பிறகு சந்தையில் குவிந்த சரக்கு. அதைப் போட்டுக்கொண்டு எலுமிச்சம்பழம் பிழியாதீர்கள், புளிப்பு கண்ணாடியை அரித்துவிடும். பற்றவைக்கத் தீயில் காட்டினாலும் போச்சு. மற்றபடி ராசி விஷயம் எனக்குத் தெரியாது, சூரியனுக்கு மாணிக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மந்தைவெளி மீனா:
லென்ஸ் வாங்கி, மொட்டைமாடி வெயிலில் ஒரு மணி நேரம் பார்த்தேன் ஐயா. ஒன்பதில் நீங்கள் சொன்ன வளைந்த கோடு அப்படியே இருக்கிறது. மூன்றில் ஒன்றும் பிடிபடவில்லை. நடுக்கல்லில் மட்டும் வெள்ளை ஊசி ஊசியாக ஏதோ மினுக்குகிறது. ஒரு நல்ல கல்லை வாங்கி, சுற்றி மலிவாக நிரப்பிவிட்டாரோ? லேபுக்குக் கொடுக்கலாம் என்றால், "ஒன்றும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்கிறாள் அம்மா. கொக்கியை மட்டும் தீயில் காட்டாமல் மாற்ற யாராவது தெரிந்த ஆசாரி இருக்கிறாரா?

சவுகார்பேட்டை பழைய ஆள்:
மயிலாப்பூரிலேயே ஒருவர் இருக்கிறார், தனிச்செய்தியில் அனுப்புகிறேன். போகும்போது அந்த நடுக்கல்லை நானும் ஒருமுறை பார்க்கலாமா?