பனித்தடச் சொற்கள்: 'டைரக்ட் ரெஜிஸ்டர்' – அடிமேலடியா, பொருந்தடியா, நேரொற்றா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

கனடாவின் ஒன்ராறியோ காடுகளில் மாரிக்காலத்தில் விலங்குத் தடங்களைப் பார்த்து அறிவதற்கான கையேட்டுக்குச் சொற்பட்டியல் ஆயத்தமாகிறது. தடம், குளம்பு, எச்சம், விரல், உள்ளங்கால் மெத்தை போன்றவற்றில் சிக்கல் இல்லை. சிக்கல் ஆங்கிலத்தில் 'டைரக்ட் ரெஜிஸ்டர்' எனப்படுவதில்தான். நாலுகால் விலங்கின் முன்கால் பதிந்து எழுந்த அதே குழியில் அதே பக்கத்துப் பின்கால் வந்து விழுவதை இது குறிக்கும்.

நம் நாட்டில் தடம் பார்க்கும் மரபு காலின் வடிவத்தைப் பார்ப்பது. 1966இல் சரோஜ் ராஜ் சவுத்ரி வகுத்த புலிக் கணக்கெடுப்பு முறையும் அப்படித்தான். புழுதியில் பதிந்த பக்மார்க்கின் (புலியின் காலடித் தடம்) மேல் கண்ணாடி வைத்து விளிம்பை வரைந்து, இது இன்ன புலி என்று பிரித்தார்கள். பனியில் அந்த வடிவம் பெரும்பாலும் கிடைக்காது. இறுகிய பழைய பனியின் மேல் இரண்டு செ.மீ. புதுப்பனி விழுந்த காலையில் மட்டும் விரலும் நகமும் தெளிவாகத் தெரியும். பதினைந்து செ.மீ. பொடிப்பனியில் வெறும் குழிதான், சுவரும் உள்ளே சரிந்திருக்கும். செந்நரியின் உள்ளங்காலில் மாரியில் மயிர் அடர்ந்துவிடுவதால் நல்ல பனியில்கூட மெத்தையின் விளிம்பு மங்கல்தான். ஆகவே அங்கே முதலில் பார்க்க வேண்டியது குழிகளின் வரிசை. எத்தனைக்கு எத்தனை, எவ்வளவு தூரத்தில், நேரா வளைவா, என்று.

சொல் இல்லாததால் வரும் பிழை இது. செந்நரியின் அடி ஐந்து ஆறு செ.மீ. நீளம். பின்கால் முன்கால் குழியில் முழுதாக விழாமல் ஒன்றரை செ.மீ. தள்ளி விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஏழு, ஏழரை செ.மீ. நீளமுள்ள ஒரே தடமாகத் தெரியும். அதை ஒரு கால் என்று அளந்தவர் பதிவேட்டில் கயோட்டி (நரியைவிடப் பெரிய, ஓநாய் போன்ற வட அமெரிக்க விலங்கு) என்று எழுதிவிடுவார். இது இரட்டைத் தடம் என்பதைச் சொல்ல ஒரு பெயர் இருந்தால் அளக்கும் முன்பே கை நிற்கும்.

என் முன்மொழிவு: பொருந்தடி. கொஞ்சம் விலகினால் விலகடி. பின்கால் தாண்டிப் போனால் முந்தடி, எட்டாமல் விழுந்தால் பிந்தடி.

அன்புடன்,
ந.

———

ந. ஐயாவுக்கு,

பொருந்தடி நல்ல சொல்தான். ஆனால் மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் 'அடிமேலடி'யை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்? அம்மி நகர்த்தும் பழமொழியிலேயே இருக்கிறது. முன்கால் அடியின் மேல் பின்கால் அடி, விளக்கமே தேவையில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சொன்னாலும் புரியும்.

– இ.

———

> அடிமேலடியை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

புரிவது உண்மை. ஆனால் புரிவது வேறு பொருளில். அடிமேலடி என்றதும் துன்பத்துக்கு மேல் துன்பம்தான் முதலில் நினைவுக்கு வரும். தவிர அதிலிருந்து கிளைச்சொல் எடுக்க முடியாது. விலகி விழுவதற்கும் முந்தி விழுவதற்கும் என்ன சொல்வீர்கள்? அடிமேல் விலகிய அடியா?

ந. அவர்களின் வரிசைக்கும் எனக்கு ஒரு தடை உண்டு. அடி நீட்டல் அளவையும்கூட. பதிவேட்டில் 'முந்தடி 2 அடி' என்று வந்தால் படிப்பவர் தடுமாறுவார். வட அமெரிக்காவில் அடி, அங்குலம் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே எழுதப்படும் கையேட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒற்றுதல் என்ற வினையைப் பாருங்கள். கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம், மை ஒற்றும் தாள் என்கிறோம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்துவது. பின்கால் செய்வதும் அதுதான். வேவு பார்ப்பவனை ஒற்றன் என்பதும் தடம் பார்ப்பவர்களுக்குப் பொருத்தமான உறவு. எனவே:

நேரொற்று – பின்கால் முன்கால் குழியிலேயே விழுவது.
விலகொற்று – பாதி மேலே, பாதி வெளியே.
முந்தொற்று – முன்கால் குழியைத் தாண்டி விழுவது.
பிந்தொற்று – அதை எட்டாமல் பின்னே விழுவது.

– சூ.

———

நேரொற்று வன்தொடர்க் குற்றியலுகரம். ஆகவே 'நேரொற்றுத் தடம்' என்றுதான் எழுத வேண்டும். ஒற்றுக்கே ஒற்று மிகுகிறது :)

– பு.

———

அனைவருக்கும்,

இலக்கணம் ஒருபுறம் இருக்கட்டும். வரையறையை இறுக்காவிட்டால் எந்தச் சொல்லை எடுத்தாலும் களத்தில் பயன்படாது. நேரொற்று என்பது விலங்கின் பெயர் அல்ல, நடையின் பெயர். ஒரே விலங்கு நூறு மீட்டருக்குள் நடையை மாற்றும். கயோட்டி நேரொற்றில் பெருநடை (ஆங்கிலத்தில் 'ட்ராட்', மெதுநடையைவிட வேகமானது) போகும். அதே கயோட்டி உடலைச் சற்றுக் கோணலாக வைத்து ஓடும்போது பின்கால் இரண்டும் ஒரே பக்கமாகத் தாண்டி விழும், அது முந்தொற்று. ஆகையால் 'நரி நேரொற்று விலங்கு' என்று எழுதாதீர்கள். 'நரி பெரும்பாலும் நேரொற்றில் போகும்' என்பதே சரி.

பூனை இனம் மெதுநடையிலும், செந்நரி பெருநடையிலும் நேரொற்றை நெடுந்தூரம் விடாமல் காட்டும். ஆழ்பனியில் இதற்குக் காரணமும் உண்டு. முன்கால் ஏற்கெனவே அழுத்திய குழியில் பின்கால் விழுந்தால் புதுப்பனியைக் கிழிக்கும் உழைப்பு மிச்சம். ஓநாய்க் கூட்டம் இதையே கூட்டமாகச் செய்கிறது. முன்னால் போனதன் குழியில் பின்னால் வருபவை கால் வைப்பதால், ஐந்தாறு ஓநாய் போன வழி ஒன்று போன வழிபோலத் தெரியும். எத்தனை என்று எண்ண வேண்டுமானால் வழி வளையும் இடம் அல்லது விழுந்த மரத்தைச் சுற்றிப் போகும் இடம் வரை பின்தொடர வேண்டும். அங்கேதான் வரிசை பிரியும். வேறு வேறு விலங்கின் கால் இப்படி ஒரே குழியில் விழுவதை ஒற்று என்று சொல்லக் கூடாது. அதற்கு 'வரிசை நடை' போதும்.

வளர்ப்பு நாய் நேரொற்றில் ஒழுங்காகப் போவது அரிது. குழி விலகும், வழி வளையும், நின்று முகரும். நீண்ட நேர்கோட்டில் ஒரே அளவாகக் குழி போனால் முதலில் நரியை நினைக்கலாம்.

இனி விலக்குகள். முயல் தாவும்போது பின்கால் இரண்டும் முன்காலைத் தாண்டி முன்னே விழும். ஆனால் அதை முந்தொற்று என்று எழுதினால் குழப்பம், ஏனெனில் அது தாவல், நடை அல்ல. பனிமுயலின் பெரிய தடம் இரண்டும் அது போகும் திசையில் முன்னால் இருக்கும், சிறிய முன்கால் தடம் இரண்டும் பின்னால் இருக்கும். புதியவர்கள் பெரிய தடத்தைப் பின்னால் வைத்துப் படித்து எதிர்த்திசையில் தேடிப் போவார்கள். முன்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் முயல், அக்கம்பக்கமாக இருந்தால் அணில். மரம் ஏறும் விலங்கு முன்காலை ஜோடியாக ஊன்றும்.

வீசல், மார்ட்டன் (கீரிபோல் நீண்ட உடல் கொண்டவை) இனங்களின் துள்ளலில் பின்கால் ஜோடி முன்கால் ஜோடி எழுந்த குழிகளிலேயே விழும். இரண்டிரண்டாகச் சாய்ந்த குழிகள் தொடரும். இது நடை அல்ல, ஆனாலும் ஒற்று உண்டு. எனவே வரையறையில் 'நடக்கும்போது' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'முன்கால் விட்ட குழியில் பின்கால் விழுவது' என்று வையுங்கள். 'அதே பக்கத்து' என்பது அவசியம் இருக்கட்டும். ரக்கூனின் மெதுநடையில் ஒரு பக்கத்துப் பின்கால் மறுபக்கத்து முன்காலுக்கு அருகே விழுந்து ஜோடி ஜோடியாகத் தெரியும். அது ஒற்றே இல்லை.

அளவைச் சொற்களையும் இப்போதே தீர்த்துக்கொள்ளலாம். 'ஸ்ட்ரைடு' என்பதை ஒரு நூல் இடதுகாலிலிருந்து அடுத்த இடதுகால் வரை என்கிறது, இன்னொன்று இடதிலிருந்து வலது வரை என்கிறது. இந்தக் குழப்பத்தைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். 'எட்டு' என்று மட்டும் போட்டால் எண்ணாகப் படிக்கப்படும். 'ஈரெட்டு' வேண்டவே வேண்டாம், பெயரிலேயே ஈரெட்டாக இருக்கிறது. வெளிப்படையாக அதேகால் தூரம், மறுகால் தூரம் என்று வைத்துவிடலாம். பெருநடை போகும் செந்நரியின் மறுகால் தூரம் 35–45 செ.மீ., அதேகால் தூரம் அதன் இரு மடங்கு. 'ஸ்ட்ராடிலுக்கு' கவடு என்று யாரோ முன்பு சொன்னதாக நினைவு. வஞ்சகப் பொருளும் அதில் ஒட்டியிருக்கிறது. தட அகலம் போதும்: இடது குழியின் வெளி விளிம்பிலிருந்து வலது குழியின் வெளி விளிம்பு வரை.

– தெ.

———

தெ. அம்மா சொன்ன வரையறையை ஏற்கிறேன். பொருந்தடியைத் திரும்பப் பெறுகிறேன், நேரொற்றே இருக்கட்டும்.

இன்னொரு சொல்லும் உடனே தேவைப்படுகிறது. ரஷ்யாவில் மாரிக்காலக் கணக்கெடுப்பில் முதல் நாள் பனிச்சறுக்குக் கட்டைகளில் போய் வழியைக் குறுக்கிடும் தடங்களை அழித்துவிடுவார்கள். மறுநாள் அதே வழியில் போய் 24 மணி நேரத்தில் புதிதாக விழுந்த தடங்களை எண்ணுவார்கள். பின்லாந்தில் பக்கத்துக்கு 4 கி.மீ. என்ற சமபக்க முக்கோணத்தில், மொத்தம் 12 கி.மீ. வழியாக எண்ணுகிறார்கள். இங்கே எண்ணப்படுவது விலங்கு அல்ல, ஒரு தடம் வழியைக் கடக்கும் நிகழ்வு. ஒரே நரி நான்கு முறை குறுக்கே போனால் நான்கு. இதற்கு 'தடக்கடப்பு' என்று முன்மொழிகிறேன்.

1932இல் ரஷ்ய விலங்கியலாளர் ஃபர்மோசவ் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த சூத்திரப்படி, சதுர கி.மீ.க்கு எத்தனை விலங்கு என்பது 1.57 × கடப்பு ÷ (வழி நீளம் × விலங்கு ஒரு நாளில் நடக்கும் தூரம்). எடுத்துக்காட்டாக 12 கி.மீ.யில் 6 கடப்பு, நரி நாளொன்றுக்கு 8 கி.மீ. நடக்கிறது என்று வைத்தால், 9.42 ÷ 96, அதாவது பத்து சதுர கி.மீ.க்கு ஏறத்தாழ ஒன்று. 1.57 என்பது பை (π) என்ற எண்ணில் பாதி. தடங்கள் வழியை எல்லாக் கோணத்திலும் வெட்டும் என்ற அனுமானத்திலிருந்து வருகிறது. நாள்நடையைத் தவறாக எடுத்தால் விடையும் அதே விகிதத்தில் கெடும். கடுங்குளிரில் விலங்கு குறைவாக நடமாடும், அப்போது பழைய நாள்நடையைப் போட்டு வகுத்தால் விலங்கு குறைந்ததாகத் தெரியும்.

– ந.

———

தடக்கடப்பு சரி. 'கடப்பு' மட்டும் போதாதா என்று கேட்க நினைத்தேன், ஆனால் விலங்குகள் சாலையைக் கடக்கும் இடத்துக்கும் அதே சொல்லைப் போடுகிறோம். முன்னொட்டு இருக்கட்டும்.

நேரொற்றுக்கான பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

நேரொற்று (பெ.) – நாலுகால் விலங்கின் முன்கால் விட்ட குழியிலேயே அதே பக்கத்துப் பின்கால் விழுவது, அப்படி விழுந்த தடம். மேலே தெரியும் வடிவம் பின்காலுடையது. அளக்கும் முறை: குழியின் விரிந்த மேல்விளிம்பை அளக்காமல் அடித்தளத்தில் விரல் பதிந்த பகுதியை மட்டும் அளக்கவும்.

– சூ.

———

> மேலே தெரியும் வடிவம் பின்காலுடையது

இதை அப்படியே விடலாம். ஆனால் நரியின் முன்கால் பின்காலைவிடச் சற்றுப் பெரியது. அதனால் நல்ல பனியில் பின்கால் தடத்தைச் சுற்றி முன்காலின் விளிம்பு மெல்லிய வரம்பாக மிஞ்சும். அதைக் கண்டு விலகொற்று என்று எழுதிவிடக் கூடாது. வரம்பு நாற்புறமும் இருந்தால் நேரொற்று, ஒரு பக்கம் மட்டும் இருந்தால் விலகொற்று என்று ஒரு வரி சேருங்கள்.

அடித்தளத்தை அளப்பது பற்றியும் கொஞ்சம் விளக்க வேண்டும். பொடிப்பனியில் கண்ணால் ஒன்றும் தெரியாது. மிதித்த பனியின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சில மணி நேரத்தில் இறுகும், சுற்றிலும் உள்ள பனி இளகலாகவே இருக்கும். கையுறையைக் கழற்றி, சரிந்து விழுந்த பொடியை ஊதியோ விரலால் மெல்ல ஒதுக்கியோ எடுத்தால் அடியில் கெட்டியான வார்ப்பு தட்டுப்படும். மானா நாயா என்பதும், எந்தப் பக்கம் நுனி என்பதும் விரல் நுனியிலேயே தெரிந்துவிடும். வெயிலில் உருகி மறுபடி உறைந்த குழியில் இது பலிக்காது. வடிவம் பெருத்துவிடும், நரி ஓநாயாகிவிடும். அத்தகைய தடத்தை அளக்காமல் 'உருகியது' என்று மட்டும் குறித்துக்கொண்டு, அதே வழியில் மர நிழலில் விழுந்த தடத்தைத் தேட வேண்டும்.

லிங்க்ஸ் (பனிக்காட்டுப் பூனை இனம்) பதிவில் நேரொற்று என்று வரும் இடத்தில் அளவைத் தவறாமல் சேருங்கள். அதன் அடி 9 முதல் 11 செ.மீ. அகலம், ஏறக்குறைய ஓநாய் அளவு. ஆனால் உடல் எடை அதைவிட மிகக் குறைவு, ஆகவே பக்கத்தில் ஓநாய் குழி தோண்டிப் போகும் பனியில் இது மேலாக மிதித்துப் போகும். ஆழத்தையும் எழுதாமல் அகலத்தை மட்டும் எழுதினால் பதிவு பயன்படாது. பனியின் மேல் ஓடாகக் கட்டியிருக்கும் படலத்துக்குப் 'பொருக்கு' என்று நான் போட்டிருப்பதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நாளை வரை பார்த்துவிட்டு அதையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

– தெ.